தோல்வி எண் ஒன்று

வகுப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உப்புத்தாள் என்றுதான் கூப்பிடுவார்கள். மரமோ பிளாஸ்டிக்கோ, கையில் எது அகப்பட்டாலும் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். பேசும்போதும் தேய்ப்பாள், திட்டு வாங்கும்போதும் தேய்ப்பாள். பொருள் வடிவமைப்புப் படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் திரையில் ஒரு படத்தைச் சுழலவிட்டுக் காட்டி வேலை முடிந்தது என்பார்கள். இவள் பட்டறைக் கதவு திறக்கும்போது வாசலில் நிற்பாள். பூட்டும்போது, "கெளம்பும்மா, எனக்கும் வீடு இருக்கு" என்று காவலர் விரட்டினால்தான் வெளியே வருவாள்.

இன்று நல்ல கம்பெனியில் இருக்கிறாள். நோயாளிகளுக்கான கட்டில், நாற்காலி, ஊன்றுகோல் செய்கிற கம்பெனி. கடைசி வருடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்து வாங்கிய மார்க்குதான் அந்தக் கதவைத் திறந்தது. ஆனால் அந்த மார்க்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், "டீ ஆறுது, குடிங்க" என்று பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவாள். தன்னடக்கம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் வருடத்தில் இருந்து சொன்னால்தான் விளங்கும். ஆணி இல்லாமல் ஒரு ஸ்டூல் செய்யச் சொன்னார் ஆசிரியர். அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் குறுந்தாடி. பெரிய கண்டிப்புக்காரர். அவர் உப்புத்தாளின் ஸ்டூலில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிப் பார்த்தார். ஒரு சத்தம் வரவில்லை. எழுந்து நின்று சி கிரேடு போட்டார்.

"ஸ்டூல் நல்லாருக்கும்மா. ஆனா எப்படி இங்க வந்து சேர்ந்தேன்னு எங்க காட்டியிருக்க? எத்தனை தடவை தோத்த?"

"தோக்கல சார். மொதல் தடவையே வந்துருச்சு."

"அப்ப என்ன கத்துக்கிட்ட?"

இரண்டு கோடை விடுமுறை ஒரு மரக்கடையில் தூசி தின்றிருக்கிறாள். பலகை தூக்கி, பசை காய்ச்சி, முதலாளியின் வசவைக் கேட்டுக் கற்ற மரப் பொருத்து அது. அந்த அனுபவத்துக்கு மார்க் தாளில் ஒரு கட்டம் இல்லை. பக்கத்து மேசைக்காரன் மூன்று ஸ்டூலை உடைத்தான். உடைந்ததை எல்லாம் படம் பிடித்துச் சுவரில் ஒட்டினான். நான்காவதாக ஒன்றை ஒப்பேற்றிக் கொண்டு வந்து ஏ கிரேடு வாங்கினான். அந்த நான்காவதும் கொஞ்ச நாளில் ஒரு தோழி உட்கார்ந்ததும் படுத்துவிட்டது, அது தனிக் கதை.

குறுந்தாடி சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. தற்செயலாக வந்ததா, தெரிந்து செய்ததா என்று வாத்தியாருக்கு எப்படித் தெரியும்? ஆனால் அவள் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. இங்கே ஜெயித்துக் காட்டினால் போதாது, முதலில் தோற்றுக் காட்ட வேண்டும். அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இடது கையில் ஒரு நெம்புகோல், வலது கையில் ஒரு நெம்புகோல். வலது நெம்புகோல் கொக்கியைத் தூக்கும், இறக்கும். அதன் தலையில் கறுப்பாக ஒரு குமிழ். லாரி அளவுப் பெட்டியைத் தரையில் வைக்கும்போது கீழே இருப்பவர்களுக்குச் சத்தமே கேட்காது என்று பெயர் வாங்கியவர். ஒருநாள் காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையை விட்டு விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை.

பக்கவாதம். பேச்சு திரும்பியது. கால் இழுத்துக்கொண்டாலும் நடக்க வந்தது. வலது கை மட்டும் பாதி மூடிய நிலையில் நின்றுவிட்டது. கரண்டிக் காம்பைக் கொடுத்தால் விரல்களுக்கு நடுவே நழுவி விழும். இடது கையால் சாப்பிடலாம் என்றால், அந்தத் தோள் ஒரு பழைய விபத்தில் கெட்டது, கை மார்புக்கு மேலே ஏறாது. அம்மாதான் ஊட்டினாள். அவருக்கு அது உயிர் போகிற விஷயம்.

"நான் என்ன குருவிக் குஞ்சா, வாயத் தொறந்துகிட்டு உக்காந்திருக்க?" என்பார். நாலு வாய் வாங்குவார். "போதும், வயிறு நெறஞ்சிருச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து நுழையும் அளவுக்கு இளைத்துவிட்டார்.

பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபி அம்மா ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து, தினமும் பிசையச் சொன்னாள். "விரலுக்கு வேலை கொடுத்துகிட்டே இருக்கணும்ங்க. விட்டா இறுகிரும்." அவர் கேட்டால்தானே! "அது பாட்டுக்குச் சும்மா இருக்கிற பந்தை எதுக்குப் பிசையணும்?" என்று அதை ஜன்னலில் வைத்துவிட்டார்.

உப்புத்தாள் கடைசி வருடத்தில் இருந்தாள். ஒரு மாலை, அப்பா நாற்காலியில் அசந்து தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று உறைத்தது. நாற்காலிக் கையின் மேல் கிடந்த அந்தக் கை ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது. இத்தனை வருடம் பிடித்த குமிழ்தான். மெல்லிய காம்பைப் பிடிக்க மறந்த கை, அந்த உருண்டையை மறக்கவில்லை.

மறுநாள் இரண்டு நிறப் பசையைச் சேர்த்துப் பிசைந்தால் கல்லாக இறுகுமே, அந்த மாவை வாங்கி வந்தாள். உருண்டை பிடித்து, ஒரு பக்கம் கரண்டியின் தலையைச் செருகி, ஈரமாக இருக்கும்போதே அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"புடிங்கப்பா. வேலையில புடிக்கிற மாதிரி."

அவர் கண்ணை மூடினார். விரல்கள் மெதுவாக இறங்கி அந்த மாவில் பதிந்தன. இறுகியதும் பார்த்தால் காய்கறிக் கடையில் கழித்துப் போட்ட உருளைக்கிழங்குக்கு வால் முளைத்தது போல இருந்தது. ஐந்து விரலும் குழி குழியாக அதில் இருந்தன. கரண்டியை அவர் வாய்ப் பக்கம் கொஞ்சம் திருப்பி வளைத்தாள், அவ்வளவுதான். உப்புத்தாள் கூடப் போடவில்லை.

அம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டு வந்து வைத்தாள். அவர் கரண்டியை இறக்கினார், அள்ளினார். கை நடுங்கிக்கொண்டே மேலே ஏறியது. வாய்க்குள் போனது. கஞ்சி முழுங்கியதும் அவர் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க ஒரு அதட்டல் போட்டார்: "யாரும் கீழ நிக்காதீங்க, சரக்கு ஏறுது!"

அன்றிலிருந்து அதற்குப் பெயர் கொக்கி. சாப்பாட்டு வேளை வந்தால் அம்மாவுக்குத் தளத்தில் நின்று கிரேனுக்குச் சைகை காட்டுகிறவர் வேலை. கட்டைவிரலை மேலே காட்டினால் தூக்கு, உள்ளங்கையைக் கவிழ்த்து அசைத்தால் இறக்கு. "வலப் பக்கம் குழம்பு இருக்கு, பாத்து" என்று அம்மாவும் சேர்ந்துகொள்வாள். பிசியோதெரபி அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தாள். "மூணு வேளையும் பயிற்சி ஆகுது. இனி நான் எதுக்கு? தேவைன்னா கூப்பிடுங்க." அவர் உடம்பு தேறத் தொடங்கியது.

அதையே கடைசி வருடத் திட்டமாக எடுத்தாள். குறுந்தாடிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"நல்ல விஷயம்மா. ஆனா ஸ்டூல் மாதிரி பண்ணிராத. நூத்துக்கு நாப்பது மார்க் எப்படி வந்து சேர்ந்தேன்னு காட்டுறதுக்கு. கொறைஞ்சது பத்து மாதிரி செஞ்சு வைக்கணும். ஒவ்வொண்ணும் ஏன் தோத்துச்சுன்னு எழுதி ஒட்டணும். அந்தக் கம்பெனி மேடமும் பரிசீலனைக்கு வர்றாங்க. வேலைக்கு ஒரே ஒரு இடந்தான் குடுப்பாங்க."

அவள் பட்டறை மேசையில் கொக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பத்தில் முதலாவதே வெற்றி என்றால் மற்ற ஒன்பது எதற்கு? ஒன்பது இல்லை என்றால் நாற்பது மார்க் எங்கே? பேனாவை எடுக்கும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. அட்டைச் சீட்டில் எழுதினாள்: "தோல்வி எண் ஒன்று. பருமன் அதிகம். அழகில்லை. ஒருவர் கைக்கு மட்டுமே பொருந்தும்." படித்துப் பார்த்தாள். ஒரு வார்த்தை கூடப் பொய் இல்லை. அதுதான் வினையே.

அதற்கப்புறம் அவள் உழைத்த உழைப்பைக் குறை சொல்ல முடியாது. மரத்தில் ஒன்று, ரப்பரில் ஒன்று, பட்டை வைத்துக் கையோடு கட்டுவது ஒன்று. விரல்நுனியில் தோல் போய்விட்டது. அப்பாவும் தினமும் காலையில், "இன்னிக்கு எந்தக் கொக்கி?" என்று குஷியாகக் காத்திருந்தார். பிடித்துப் பார்ப்பார், உதடு பிதுக்குவார். "இது வழுக்குது. இது கனக்குது. இதைப் புடிச்சா என் கையே எனக்கு அந்நியமா இருக்கு." சோதனை முடிந்ததும் பழைய உருளைக்கிழங்கை எடுத்துச் சாப்பிட உட்காருவார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே அடுத்ததை வரைவாள்.

பத்தாவது முப்பரிமாண அச்சில் வந்தது. வெள்ளை வெளேர் என்று, மெல்லிய கழுத்தோடு. எல்லார் கைக்கும் பொருந்த வேண்டும் என்று விரல் குழிகளை எடுத்துவிட்டாள். பார்த்தவர்கள் எல்லாம் வாங்கிப் பார்த்து ஆகா என்றார்கள். அப்பா கையில் மட்டும் அது நிற்கவில்லை. படம் எடுக்க வேண்டுமே! அவளே அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதைச் சுற்றி வைத்தாள். அம்மா படத்துக்கு வெளியே நின்று முழங்கையைத் தாங்கினாள்.

"நழுவுறதுக்குள்ள எடு பாப்பா" என்று சிரித்தார் அப்பா.

நழுவுவதற்குள் எடுத்துவிட்டாள். அழகான படம்.

சமர்ப்பிக்கும் நாள் வந்தது. பத்து மாதிரிகளும் அசலாக வேண்டும் என்பது துறையின் விதி. வாங்கி அறையில் வைத்துப் பூட்டினால் பரிசீலனை, கண்காட்சி எல்லாம் முடிந்த பிறகுதான் திறப்பார்கள். காலைச் சாப்பாடு முடிந்து அம்மா கொக்கியைக் கழுவி வைத்திருந்தாள். உப்புத்தாள் அதைப் பைக்குள் வைத்தாள்.

"அதையுமா?" என்றார் அப்பா.

"அசல்தான் வேணும்ப்பா. உங்களுக்குப் பத்தாவதை இன்னொண்ணு அச்சடிச்சு வெச்சிருக்கேன். அது இதைவிட நல்லது. புடிச்சுப் பழகுனா வந்துரும்."

பத்தாவதை இன்னொன்று எடுப்பது பொத்தானை அழுத்துகிற வேலை. முதலாவது கையால் பிசைந்தது, அப்படி எடுக்க வராது. இன்னொரு உருண்டை பிசைந்து கொடுத்திருக்கலாம், ஒரு மாலை ஆகியிருக்கும். அந்த மாலையில் சுவரில் ஒட்டும் தாள்களின் ஓரத்தை ஒழுங்காக வெட்டிக்கொண்டிருந்தாள். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

"அப்படியா? சரி, எடுத்துட்டுப் போ. நல்லா பண்ணு" என்றார் அவர்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில், பரிசீலனைக்கும் கண்காட்சிக்கும் ஏற்பாடு செய்வதில், அவள் வீட்டுக்கு வருவதே படுக்கத்தான். "சாப்டீங்களாப்பா?" என்பாள். "ஆச்சு பாப்பா." "பத்தாவது எப்படி இருக்கு?" "ஏ ஒன்." அவர் மடியில் எப்போதும் ஒரு துண்டு கிடக்கும், கை அதற்குள் இருக்கும். குளிருகிறது போல என்று நினைத்துக்கொண்டாள். சமையலறையில் பத்தாவது கரண்டி ஆணியில் தொங்கும். ஒருநாள் எடுத்துப் பார்த்தாள். பல் பட்ட தடம் இல்லை, ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை. ஒரு பொருளைப் பார்த்தால் அது எப்படிப் புழங்கியது என்று படிக்கக் கற்றுக்கொண்ட பெண். நான்கு வருடமாக அதைத்தானே படித்தாள்! அவள் மனதில் வந்தது என்ன தெரியுமா? மெருகு நன்றாக நிற்கிறதே என்ற சந்தோஷம்.

பரிசீலனை அன்று வெள்ளைத் துணியின் மேல் பத்தும் வரிசையாகக் கிடந்தன. கம்பெனி மேடம் பத்தாவதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வரிசையின் மறுகோடிக்குப் போனாள். உருளைக்கிழங்கை எடுத்தாள். தன் விரல்களை அந்தக் குழிகளில் வைத்துப் பார்த்தாள்.

"இது புடிக்க நல்லாத்தானே இருக்கு? வீட்ல இதை யூஸ் பண்ணாங்களா?"

குறுந்தாடி இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கஞ்சி ஏறியது, சரக்கு ஏறுது என்ற அதட்டல், எல்லாம் வந்தது.

"இல்ல மேடம். அது தோல்வி. அதுல இருந்துதான் கத்துக்கிட்டேன்."

மேடம் அதைக் கீழே வைத்துவிட்டாள். முடிவு சொல்லும்போது குறுந்தாடி எல்லார் முன்னாலும் சொன்னார்: "தோல்வியை இவ்வளவு நேர்மையா பதிவு பண்ணின இன்னொரு மாணவியை நான் பார்த்ததில்ல." வகுப்பே கைதட்டியது. பக்கத்து மேசைக்காரன் எழுந்து நின்று தட்டினான். முதல் மார்க் அவளுக்கு, அந்த ஒரே இடமும் அவளுக்கு.

கண்காட்சி முடிந்து அறையைத் திறந்ததும் பையை நிரப்பிக்கொண்டு ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். அப்பா ஏற்கெனவே மாடியில் குடியிருப்பவர்களிடம் ஒருவர் விடாமல் செய்தியைச் சொல்லி முடித்திருந்தார்.

"வா வா, பெரிய இன்ஜினியரம்மா!"

"கொக்கி வந்தாச்சுப்பா. இன்னிக்குக் கொண்டாட்டம். கையக் காட்டுங்க."

"அப்புறம் பாக்கலாம். நீ மொதல்ல மூஞ்சி கழுவு."

"காட்டுங்கப்பா." விளையாட்டாகத் துண்டை இழுத்தாள்.

விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு கிடந்தன. நகம் பட்ட இடத்தில் சிவந்திருந்தது. அவள் உருண்டையைக் கொண்டு போய் வைத்தாள். வைக்க இடமில்லை. ஒரு விரலைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தப் பார்த்தாள். அவர் பல்லைக் கடித்தார், சத்தம் போடவில்லை. குழிகள் ஐந்தும் அப்படியே இருந்தன. அந்தக் கைதான் இல்லை.

"ஏம்மா சொல்லல?" என்று அம்மா மேல் பாய்ந்தாள்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அந்த வெள்ளைக் கரண்டி ரெண்டு நாள் கூட நிக்கல. நான்தான் ஊட்டுனேன். நீ வர்றதுக்குள்ள கதவைச் சாத்திட்டு ஊட்டுனேன். பரீட்சை முடியட்டும், புள்ளைக்குத் தெரிய வேணாம்னு இவர்தான் சொன்னாரு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னொண்ணு பண்ணியிருப்பேனேம்மா!"

"நீ என்ன கேட்ட? நல்லாருக்கான்னு கேட்ட. நல்லாருக்குன்னு சொன்னாரு. நீயும் நம்பிட்ட."

நம்புவது சௌகரியமாக இருந்தது என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் பிசியோதெரபி அம்மா வந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது. "இவ்ளோ நாளா சும்மாவா விட்டீங்க? அந்தக் கரண்டி என்னாச்சு?" வாசலுக்கு வழியனுப்பப் போன உப்புத்தாள் தணிந்த குரலில் கேட்டாள்.

"பழையபடி வருமா மேடம்?"

"கொஞ்சம் நிமிரும். வலி குறையும். பழையபடின்னா... இல்லம்மா. நீ மனச விட்டுராத."

மனதை விடாமல் இருக்கத்தான் பார்த்தாள். அன்று மாலையே புதிதாக மாவு பிசைந்தாள், சின்னதாக, பிறகு இன்னும் சின்னதாக. அவர் கைக்குள் திணித்து வைத்தால் உள்ளே இருக்கும். தூக்கச் சொன்னால் விரலில் பிடி இல்லை, உருண்டு மடியில் விழும். மூன்று முறை விழுந்தது. அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடுவதை அவளே கவனிக்கவில்லை. அவர் இடது கையால் தட்டுத் தடுமாறி மேசையில் கிடந்த பழைய கொக்கியைத் தன் பக்கம் இழுத்தார். சீட்டு இன்னும் அதன் கழுத்தில் நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. மடியில் வைத்துக் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"தோல்வி எண் ஒன்றுன்னு போட்டிருக்கே. யாரு பாப்பா எழுதுனது?"

"நான்தான்ப்பா."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபம் இல்லை. நிஜமாகவே புரியவில்லை அவருக்கு.

"இது எங்க தோத்துச்சு? நான் வயிறு நெறைய சாப்ட்டேனே."

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை. ஒரு கரண்டி அள்ளி ஊதி ஆற்றினாள்.

அவர் வாயைத் திறந்தார்.